“சரிங்க மிஸ்” என்றால் சரி என்று அர்த்தமில்லை

ஓர் இளம் தாதி கேட்டிருக்கும் கேள்வி இது: “மூன்று வருடம் தாதியர் கல்லூரியில் படித்துவிட்டு நுவரெலியா மாவட்டத்தில் முதல் நியமனம் பெற்றிருக்கிறேன். சிகிச்சைசார் தொடர்பாடல் என்று தனியாக ஒரு பாடமே படித்தோம். இங்கே வார்டில் 40 பேர், இரவில் நாங்கள் இரண்டு பேர். தேயிலைத் தோட்டத்து நோயாளிகள் எதைச் சொன்னாலும் ‘சரிங்க மிஸ்’ என்று தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போய் எதையும் செய்வதில்லை, அதே நோயோடு திரும்பி வருகிறார்கள். படித்த பாடம் இங்கே உதவுமா? நெருங்கிப் பழகினால் மரியாதை போய்விடாதா?”

தங்கச்சி, உதவும். ஆனால் பாடத்தை நம்ம மலைக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவள். 22 வருடமாக மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியில் இருக்கிற அந்த “சரிங்க மிஸ்” என்ற இரண்டு வார்த்தையைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல வருடம் பிடித்தது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

சிகிச்சைசார் தொடர்பாடல் என்றால் இனிமையாகப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். இனிமை நல்லதுதான். ஆனால் இந்தப் பேச்சுக்கு ஒரு வேலை இருக்கிறது. நோயாளிக்கு மட்டும் தெரிந்தது நமக்கு வந்து சேர வேண்டும், நமக்குத் தெரிந்தது அவர் வீட்டு அடுப்படி வரை போய்ச் சேர வேண்டும், அதற்குள் அவருடைய பயமும் கொஞ்சம் இறங்க வேண்டும். ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க மனநலத் தாதி 1952-இல் எழுதிய நூலில் தாதிக்கு நோயாளியிடம் உள்ள பாத்திரங்களை வரிசையாகச் சொல்கிறார்: ஆசிரியர், ஆலோசகர் என்று பல. அதில் முதலாவது என்ன தெரியுமா? அந்நியர். நோயாளிக்கு நாம் முதலில் ஓர் அந்நிய ஆள். வெள்ளைச் சீருடையில் வருகிற அந்நிய ஆள். இங்கே பலர் அதை மறந்துவிட்டு நேராக ஆசிரியர் வேலைக்குப் போய்விடுகிறோம்.

இப்போது “சரிங்க”வுக்கு வருகிறேன். கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து 200 வருடமாக நம் ஆட்கள் அதைச் சொல்லித்தான் தப்பித்திருக்கிறார்கள். தோட்டத்தை நடத்துகிற துரைக்குச் சரிங்க, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளைக்குச் சரிங்க, கங்காணிக்குச் சரிங்க. எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் பேர் போகும், அதாவது வேலை செய்த நாளாகக் கணக்கில் விழாது, அன்றைய சம்பளம் போகும். நோய் என்று வந்தாலும் அதே கதைதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டுச்சீட்டு வாங்கினால்தான் அன்று வேலைக்குப் போகாததற்கு ஒரு காரணம் இருக்கும். “உண்மையிலேயே காய்ச்சலா, இல்லை லீவு கேட்டு வந்தியா?” என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தவர்கள் எங்கள் அம்மாமார். நோயையே அதிகாரத்துக்கு முன்னால் நிரூபிக்க வேண்டியிருந்த ஒருவர், உங்கள் முன்னால் வந்து “எனக்கு விளங்கவில்லை” என்று எப்படிச் சொல்வார்? விளங்கவில்லை என்றால் முட்டாள் என்பீர்கள், முடியாது என்றால் கோபிப்பீர்கள் என்று அவருக்குப் பயம். “சரிங்க” என்றால் நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவீர்கள். அவ்வளவுதான் அதன் பொருள்.

ஒரு அம்மாயி எங்கள் வார்டுக்கு வந்தார். கொழுந்து எடுத்து ஓய்ந்தவர், அப்போதும் கைக்காசுக்கு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. குதிகாலில் ஆறாத புண். கிளினிக் கொப்பியைப் புரட்டினால் ஒரு மாதம் கூடத் தவறவில்லை, ஆனால் சீனி மட்டும் இறங்கவே இல்லை. மெட்ஃபோர்மின், காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று எழுதியிருந்தது. “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் “சரிங்க மிஸ், போடுறேன்” என்றே சொல்லியிருக்கிறார். நானும் முதல் நாள் அப்படியே கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு போனேன்.

இரண்டாம் நாள் புண்ணுக்கு மருந்து கட்டும்போது வேறு மாதிரி கேட்டேன்.

“அம்மாயி, வீட்டுல இருந்த அன்னைக்கு காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க பார்ப்போம்.”

“காலையில ரொட்டியும் சாயத்தண்ணியும். மலையில பத்து மணிக்குத் தேத்தண்ணி. மத்தியானம் வந்து ரொட்டி. ராவைக்குத்தான் சோறு.”

“மாத்திரை எப்பப் போட்டீங்க?”

“சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னீங்களே மிஸ். ராவைக்குப் போட்டேன்.”

“காலையில?”

“காலையில எங்க சாப்பிட்டேன்? ரொட்டிதானே தின்னேன்.”

சாப்பாடு என்றால் சோறு. ரொட்டி தின்பது; சோறுதான் சாப்பிடுவது. நான் வளர்ந்த லயத்திலும் அப்படித்தான் பேசுவோம், ஆனாலும் சீருடை போட்ட பிறகு எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. சொன்னபடியே செய்திருக்கிறார், நாம் சொன்னதுதான் தப்பு. அன்றிலிருந்து நான் “சாப்பாட்டுக்கு அப்புறம்” என்று யாருக்கும் சொல்வதில்லை. “பெரட்டுக்குப் போகமுன்ன ரொட்டி தின்ன கையோட ஒண்ணு, ராவைக்கு சோறு தின்ன கையோட ஒண்ணு” என்கிறேன். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கேள்வியின் வடிவம். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்விக்கு எங்கள் ஆட்கள் எப்போதும் நீங்கள் எதிர்பார்க்கிற பதிலைத்தான் தருவார்கள். “விளங்குச்சா?” என்பது அதில் மிக மோசமான கேள்வி. அதை விட்டுவிடுங்கள். ஒரு நாளின் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். விளக்கிச் சொல்லி முடித்ததும், “நான் அவசரமாச் சொல்லிட்டேன், சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுல மக கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைப்பது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள், அதுதான் இது. பரீட்சை நடப்பது உங்கள் பேச்சுக்கு என்று அவர் உணர வேண்டும். “நான் சொன்னதைச் சொல்லுங்க பார்ப்போம்” என்று டீச்சர் குரலில் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்.

“ஏன்” என்ற சொல்லையும் குறைத்துக்கொள்ளுங்கள். “ஏன் கிளினிக் வரல?” என்பது எங்கள் காதில் கணக்கப்பிள்ளையின் குரலாகத்தான் விழும். “போன மாசம் வர முடியாமப் போச்சு போல, என்ன நடந்துச்சு?” என்று கேட்டால், பஸ் வரவில்லை, அன்று கொழுந்து அதிகம், ஒரு நாள் பேர் போனால் வீட்டில் கஷ்டம் என்று உண்மை வரும். உண்மை வந்தால்தான் வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று நாம் பார்க்கலாம்.

உடல்மொழி பற்றிய பாடத்தை இங்கே அப்படியே நம்பிவிடாதீர்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார், கையைக் கட்டாதே, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார் என்று படித்திருப்பீர்கள். தாதிக்கு அது நல்ல பாடம். அதே அளவுகோலால் நோயாளியை அளந்தால் தப்பாகிவிடும். எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அது மரியாதை. கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தால் அதுவும் மரியாதை. ஒரு மாணவத் தாதி தன் பதிவில் “நோயாளி ஒத்துழைக்கவில்லை, மூடிய தோரணையில் இருக்கிறார்” என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து எனக்கு மனசு வலித்தது. அந்த ஐயா வாழ்நாள் முழுக்க அப்படி நின்றுதான் சம்பளம் வாங்கியிருக்கிறார். அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களும் ஒரு ஸ்டூலை இழுத்து உட்காருங்கள். நீங்கள் நிற்கிற வரைக்கும் அவர் பேச்சைச் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்.

“வாங்க, போங்க” என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லயத்து ஆள் என்றதும் “நீ, வா, இங்கே உட்கார்” என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம் சாதிசனத்திலேயே இருக்கிறார்கள். 70 வயது மனிதரை 23 வயதுப் பிள்ளை “நீ” என்றால், அதற்கு மேல் எந்த நுட்பமும் வேலை செய்யாது. அம்மாயி, ஐயா, அக்கா, அண்ணே என்று முறை வைத்துக் கூப்பிடலாம். ஆனால் ஒரு முறையாவது பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “அந்த 14ஆம் கட்டில் சீனிக்காரம்மா” என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள்.

சொற்களில் சில பொறிகள் உண்டு. தமிழ் தெரிந்த நமக்கே அதில் கால் சிக்கும், சிங்களம் மட்டும் தெரிந்த தோழிகளுக்குக் கேட்கவே வேண்டாம். “பிள்ளைக்கு இழுப்பு” என்று ஒரு தாய் வந்தால் அது மூச்சு இழுப்பாகவும் இருக்கலாம், வலிப்பாகவும் இருக்கலாம். “மூச்சு விட முடியாம நெஞ்சு இழுத்துச்சா, கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சா?” என்று கேட்டுவிடுங்கள். “மயக்கம்” என்பதும் அப்படித்தான், தலைசுற்றலுக்கும் அதுதான், நினைவு தப்பியதற்கும் அதுதான். “கீழ விழுந்தீங்களா? அப்ப நடந்தது நினைவிருக்கா?” என்று கேட்கணும். எனக்கு மிகவும் பயம் தருவது “வாயு”. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு “வாயு அடைக்குது மிஸ், இஞ்சி தட்டிக் குடிச்சேன், கேக்கல” என்று நடந்து வந்தவர்களில் மாரடைப்பு இருந்திருக்கிறது. வாயு என்று நோயாளி சொன்னால் அதே சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள், கூடவே வியர்த்ததா, இடது கைக்கோ தாடைக்கோ போகிறதா என்று கேளுங்கள், ஈசிஜி எடுங்கள்.

மொழிபெயர்ப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழும் அரசகரும மொழி என்று 1987-இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. ஆனால் இரவு 2 மணிக்கு வார்டில் தமிழ் தெரிந்த ஒருவர் இருப்பாரா என்பது அன்றைய டியூட்டி லிஸ்டைப் பொறுத்தது. அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கிறவரை வைத்துச் சமாளிக்கிறோம். நான் முன்பு வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில், சிங்களப் பள்ளியில் படிக்கிற 10 வயது மகளை நடுவில் நிறுத்தி ஒரு தாயிடம் வரலாறு கேட்டார்கள். தாய் “வயித்து வலி” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு நான் திரையை இழுத்துக் கேட்டபோதுதான், மூன்று வாரமாக இரத்தம் போகிறது என்றார். மகள் வாயால் அதை எப்படிச் சொல்ல வைப்பார் ஒரு தாய்? பிள்ளைகளையும், முடிந்தவரை கணவரையும் மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். பக்கத்துக் கட்டில்காரியும் வேண்டாம். அவர் அதே தோட்டத்து ஆளாக இருப்பார், நோயாளி வீடு போகமுன் செய்தி லயம் போய்விடும். தமிழ் பேசும் இன்னொரு தாதியையோ ஊழியரையோ கூப்பிட்டு, “இங்க பேசுறது வெளிய போகாது” என்று நோயாளி கேட்கும்படி சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். உங்கள் சிங்களத் தோழிகளுக்கு “எங்க நோவுது? எப்ப இருந்து? பயப்படாம சொல்லுங்க” என்ற மூன்றையும் சொல்லிக்கொடுங்கள். என்னோடு வேலை செய்த ஒரு சிங்களத் தாதி அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே நோயாளிகளின் செல்ல மகளாகிவிட்டார்.

இனி என் தப்பு ஒன்று. வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் இருக்கும். மூச்சுத் திணறலோடு ஒரு அண்ணன் வந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், இவருக்கு ஒண்ணும் ஆகாதே?” என்றார். நான், “ஒண்ணும் ஆகாது அக்கா, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன். விடியமுன் அவர் இறந்துவிட்டார். அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. “நீங்க ஆகாதுன்னு சொன்னீங்களே மிஸ், அதான் நான் பிள்ளைங்களக் கூப்பிடல” என்று மட்டும் சொன்னார். பொய்யான ஆறுதல் என்று பாடத்தில் ஒரே வரியில் படித்திருப்பீர்கள். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது யாராவது அப்படிக் கேட்டால், “உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கு. டாக்டர் பார்த்துக்கிட்டு இருக்கார், நான் அரை மணிக்கு ஒரு தரம் வந்து சொல்றேன். வீட்டுல யாரையாவது கூப்பிடணும்னா இப்பவே கூப்பிடுங்க” என்கிறேன். அரை மணிக்கு ஒரு தரம் என்று சொன்னால் போகத்தான் வேண்டும், சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஆண்கள் வார்டில் உங்களுக்கு அதிகம் உதவப் போவது குடியைப் பற்றிக் கேட்கும் விதம். “குடிப்பீங்களா?” என்றால் “இல்லைங்க மிஸ்”. அதுவும் மனைவி பக்கத்தில் நிற்கும்போது. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், 2, 3 நாளில் புத்தி தடுமாறிக் கட்டிலை விட்டு ஓடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காலை உடைத்துக்கொண்டு வந்தவர் மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தும்போதுதான் பலருக்கு விளங்குகிறது. அதனால் தனியாக இருக்கும்போது, “மழையிலயும் குளிர்லயும் வேலை செஞ்சுட்டு வந்தா உடம்பு அலுப்புக்கு எடுத்துக்குவாங்கதான். நீங்க கடைசியா எடுத்தது எப்ப? ஒரு நாளைக்கு எவ்வளவு? தெரிஞ்சா முன்கூட்டியே மருந்து குடுக்கலாம், அதுக்குத்தான் கேக்குறேன்” என்று கேளுங்கள். எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்கிறார்கள்.

சாக நினைத்துப் பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. 1995 அளவில் இலங்கையில் தற்கொலை வீதம் 1 லட்சம் பேருக்கு 47 என்ற அளவுக்குப் போயிருந்தது. கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அந்தக் கட்டில்கள் காலியாகவில்லை. அந்தப் பிள்ளைகளை வார்டில் எல்லோரும் திட்டுவார்கள்: அம்மா அப்பாவை நினைத்தாயா, உனக்கு என்ன குறை, இதற்கு எங்கள் நேரத்தையும் வீணாக்குகிறாய். திட்டுகிறவர்களுக்கும் பதற்றம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் திட்டு அவர்களை அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வராமல்தான் வைக்கும். ஓர் இரவு அப்படி ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிரஷர் பார்த்து முடித்துவிட்டு, கஃபைக் கழற்றிய பிறகும் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். “போங்க மிஸ், உங்களுக்கு வேலை இருக்கும்” என்றாள். “இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்” என்றேன். அப்புறம்தான் அழுதாள். “இன்னும் சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது அப்படி நடப்பதில்லை. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. அவள் சொன்னதை டாக்டருக்குச் சொல்லத்தான் வேண்டும் என்பதை அவளிடமே சொன்னேன். மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். வீட்டுக்குப் போகும்போது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எழுதிக் கொடுத்தோம். 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். 40 பேரிடமும் உட்கார்ந்து பேச யாராலும் முடியாது, அப்படிச் செய் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் எப்படியும் நீங்கள் அவர்களைத் தொடத்தானே போகிறீர்கள்? ஊசி, மருந்து கட்டு, சேலைன், நாடி. அந்த நேரத்தையே பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் ஏற்றும்போது மட்டும் பேச வேண்டாம், பேசினால் அளவு கூடிக் காட்டும். கழற்றியதும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். 1984-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடிகளில் வைத்தியர்கள் குறுக்கிட்டிருக்கிறார்கள். நாமும் அப்படித்தான். குறுக்கிடாமல் விட்டால் நம்ம ஆட்கள் நீட்டி முழக்குவார்கள் என்று பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நிமிடத்தில் அவர்களே நிறுத்திக்கொள்வார்கள். ஒரு டியூட்டிக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் அதிகம் “சரிங்க” சொல்கிறாரோ அவரில் ஆரம்பியுங்கள். தெரிந்துகொண்டதை அடுத்த டியூட்டிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாயி விஷயத்தில் “காலை மாத்திரையை ரொட்டியோடு என்று சொல்லவும்” என்று கொப்பியிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தேன்.

கடைசியாக மரியாதை. நெருங்கினால் மரியாதை போவதை நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லைகளை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் கைபேசி இலக்கம் கொடுப்பதில்லை, வார்டு இலக்கம் கொடுப்பேன். பணம் கொடுக்கல் வாங்கல் இல்லை. என் வீட்டுக் கஷ்டத்தை நோயாளியிடம் சொல்லி ஆறுதல் தேடுவதில்லை. வீட்டுக்குப் போகிற நாளை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுவேன், திடீரென்று துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் கேட்க நினைத்ததைக் கேட்காமலே போய்விடுவார்கள். லீக்ஸ், கரட், தேயிலைத்தூள் என்று ஏதாவது கொண்டுவந்து நீட்டுவார்கள். முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால் மனசு நோகும். “வார்டுல எல்லாரும் தேத்தண்ணி குடிப்போம்” என்று சொல்லி வாங்கி, எல்லோருக்கும் முன்னாலேயே வார்டுப் பெரிய மிஸ்ஸிடம் கொடுத்துவிடுவேன்.

அந்த அம்மாயியும் அடுத்த கிளினிக்குக்கு ஒரு பொட்டலம் தூளோடு வந்தார். அதை வாங்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலைப் பார்த்தேன். புண் ஓரம் சுருங்கி, சிவப்பாகப் புதுச்சதை வந்திருந்தது. “மிஸ்ஸி, ஒண்ணு கேக்கவா?” என்றார். அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டார்.